கடையாணி

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆயுத பூசையை ஒட்டி நான் பேச வேண்டும் என்று தலைவர் பணித்தபோது, கல்வியைப் பற்றியோ கலையைப் பற்றியோ பேசுவேன் என்று அவர் எண்ணியிருப்பார். நான் எடுத்துக்கொண்ட விஷயமோ மோட்டார் சைக்கிளின் நட்டும் போல்ட்டும். சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் இம்மண்டப வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டுதான் நான் உள்ளே வந்தேன். பூசையன்று அவற்றைக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசிக்கிறோம். அந்தச் சில்லைப் பிடித்திருக்கும் நட்டைத் தொட்டுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

நான் தொட்டுப் பார்க்காத ஒரு நட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற விடுமுறையில் நான் வினாயகபுரத்துக்கு வந்திருந்தபோது மாமாவின் மோட்டார் சைக்கிளில் செயின் தளர்ந்து மூடியில் தட்டிக்கொண்டிருந்தது. "கராஜுக்கு ஏன் காசு மாமா, நானே இறுக்கித் தருகிறேன்" என்றேன். அதற்குப் பின்சில்லின் அச்சு நட்டை நெகிழ்த்த வேண்டும். இன்னொரு நட்டையும் நெகிழ்த்த வேண்டும். பின் பிறேக் டிரம்மின் மூடியைச் சட்டத்தோடு இணைக்கும் ஓர் இரும்புப் பட்டை உண்டு. பிறேக்கை மிதிக்கும்போது அந்த மூடி சில்லோடு சேர்ந்து சுற்றிவிடாமல் பிடித்து வைத்திருப்பது அதுவே. அதன் நுனியில் ஒரு போல்ட், ஒரு நட்டு, நட்டு கழன்று போகாதபடி குறுக்கே ஒரு கொட்டர் பின். நான் பின்னை இழுத்தேன், நட்டை நெகிழ்த்தினேன், செயினைச் சரிசெய்து அச்சை இறுக்கினேன். அவ்வேளை சோறுண்ண அழைத்தார்கள். போய்விட்டேன்.

மூன்றாம் நாள் மாமா தம் சிறிய மகளை முன்னே இருத்திக்கொண்டு வயலுக்குப் போனார். வயற்பாதையில் மாடொன்று குறுக்கே வர, பிறேக்கை மிதித்தார். போல்ட் அதற்கு முன்னரே எங்கோ விழுந்திருந்தது. மூடி சில்லோடு சுற்றியது. பிறேக் கம்பி முறுக்குண்டது. சில்லு இறுகி நின்றது. மாமாவுக்குக் காறையெலும்பு முறிந்தது. பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். பொத்துவில் வீதியில், ஒரு பஸ்ஸுக்கு முன்னே அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இங்கே சொல்ல விரும்பவில்லை. கொட்டர் பின் எங்கள் திண்ணையில், நான் வைத்த இடத்திலேயே கிடந்தது.

கழற்றியவனே பூட்ட மறப்பது என் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேர்வதன்று. 2024 ஜனவரி 5ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரிலிருந்து 177 பேருடன் எழுந்த போயிங் விமானமொன்றில், ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில், கதவுக்குரிய வாசலை அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போயிற்று. அதை ஒட்டிய இருக்கைகள் இரண்டிலும் தெய்வாதீனமாக யாரும் இருக்கவில்லை, எவரும் இறக்கவில்லை. ஆராய்ந்தபோது, அப்பலகையைப் பிடிக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் அங்கே இல்லவே இல்லை எனத் தெரிந்தது. தொழிற்சாலையில் வேறொரு பழுதைத் திருத்தக் கழற்றியவர்கள் திருப்பிப் பூட்டவில்லை. கழற்றியதை எங்கும் எழுதிவைக்கவும் இல்லை. அப்படியே அந்த விமானம் இரண்டு மாதத்துக்கு மேல் பறந்திருக்கிறது! ஆகவே கராஜிலிருந்து வண்டி வந்த அன்றுதான் அதிகம் பார்க்க வேண்டும் என்பேன்.

யாரும் கழற்றாமலே போல்ட் கழல்வதும் உண்டு. நன்கு இறுக்கிய போல்ட் சிறிதளவு நீள்கிறது. மீண்டும் சுருங்க முயலும் அந்த இழுவையே இரண்டு பாகங்களையும் நெருக்கிப் பிடிக்கிறது. பக்கவாட்டில் ஓயாது அசைவு ஏற்பட்டால் மரை சற்றுச் சற்றாக வழுக்கிப் பின்வாங்கும். ஜெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் 1969இல் இதனைப் பரிசோதனை வாயிலாகக் காட்டினார். ஒற்றைச் சிலிண்டர் என்ஜினின் நடுக்கமும் நம் வயற்பாதைகளின் குழிகளும் சேர்ந்தால் வேறு பரிசோதனைச்சாலை எதற்கு?

இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கு இது புதிதன்று. மாட்டுவண்டி கட்டிய காலத்தில் வண்டிக்காரர் ஏறுமுன் இரு பக்கமும் போய்க் கடையாணியைக் கையால் தட்டிப் பார்ப்பாராம். நான் படித்த மிஷன் பாடசாலையில் ஓர் ஆசிரியர் தம் பழைய மோட்டார் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி, அங்குமிங்கும் கைவைத்துப் பார்த்த பின்பே ஏறுவார். "சேர் வலம் வருகிறார்" என்று நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம். அந்தச் சிரிப்பை எண்ணி இப்போது வெட்கப்படுகிறேன்.

மாமாவின் வண்டியைத் திருத்திய அக்கரைப்பற்று நானா ஒருவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, கண்ணால பாத்தா எல்லா நட்டும் இறுக்கமாத்தான் தெரியும். கையால புடிச்சு ஆட்டிப் பாருங்க" என்றார். நட்டிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரே நேர்கோடாகப் பூச்சால் கீறிவிடவும் காட்டித்தந்தார். கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. இதற்கு அக்கா தங்கையரின் கியூட்டெக்ஸ் போதும்.

முன் பின் அச்சுகள், நான் சொன்ன பிறேக் பட்டை, ஹாண்டிலைப் பிடிக்கும் போல்ட்டுகள் ஆகிய இவற்றில்தான் உயிர் தங்கியிருக்கிறது. இவற்றை வாரந்தோறும் பாருங்கள். என்ஜினைச் சட்டத்தோடு பிணைப்பவற்றையும் சைலன்சரையும் மாதம் ஒருமுறை பார்த்தாலும் போதும். கண்ணாடியும் இலக்கத் தகடும் கழன்றால் தாமே சத்தமிட்டுச் சொல்லிவிடும். துருப்பிடித்த நட்டு அசையாதிருப்பதை இறுக்கம் என்று நம்பிவிட வேண்டாம். நம் கடற்காற்றில் அப்படித் தோன்றுபவை பல.

வாலிப நண்பர்களுக்கு ஒன்று. பலமிருக்கிறதென்று சாவியில் குழாயை மாட்டி முறுக்காதீர்கள். 10ஆம் நம்பர் சாவி பிடிக்கும் சிறிய போல்ட்டுக்கு ஒரு மீற்றர் நீளப் பிடியின் நுனியில் ஒரு கிலோ தூக்கிய அளவு போதும். மிஞ்சினால் அலுமினியத்தில் மரை அழியும், அல்லது போல்ட் ஒடியும். வண்டியோடு தரும் கைநூலில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவு இருக்கிறது.

புகைப் பரிசோதனை ஆண்டுதோறும் நடக்கிறதே என்பீர்கள். அங்கே புகையைத்தான் அளக்கிறார்கள். 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. ஆதலால் நம் வண்டிகளில் பல வயது போனவை.

மாமா இப்போது மீண்டும் வயலுக்குப் போகிறார். ஏறுமுன் என்னைத்தான் கூப்பிட்டு, "மருமகன், வந்து தொட்டுக் காட்டு" என்கிறார். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சங்க முன்றலில் 10, 12, 14ஆம் நம்பர் சாவிகளுடன் நிற்பேன். வண்டியையும் ஒரு போத்தல் கியூட்டெக்ஸையும் கொண்டு வாருங்கள்.