கலைஞனும் சங்கமும்

இன்று பட்டம் பெற்றுத் திரைத்தொழிலில் புகவிருக்கும் மாணவ மாணவியரே,

கலையின் மகிமையை உங்கள் ஆசான்கள் நன்கு போதித்திருப்பார்களாதலால், அக்கலையையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் தம் உழைப்புக்குரிய ஊதியத்தைக் கேட்டுப் பெறுவதற்கு எவ்வாறு ஒன்றுபட்டார்கள் என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

தேசப் பிரிவினையால் அகதிகளான வங்காளக் குடியானவர்களின் துயரத்தை 1950-ல் ‘சின்னமூல்’ என்னும் படமாக ஆக்கிய நிமாய் கோஷ், பிற்பாடு சென்னைக்கு வந்து ஒளிப்பதிவாளராக வாழ்ந்த காலத்தில், தம் காமிராவோடு நின்றுவிடாமல், தென்னாட்டுத் திரைத் தொழிலாளரைச் சங்கங்களாகத் திரட்டுவதிலும் முன்னின்று உழைத்தார். அவருடைய இயக்கத்தில் 1960-ல் வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்த எம். பி. சீனிவாசனோ, வாத்தியக் கலைஞர்களுக்கென்று சங்கம் கண்டவர். வயலின்காரரையும் தபலாக்காரரையும் வேலைக்கு அழைக்கும் ஸ்தானத்தில் இருப்பவர் இசையமைப்பாளர். அந்த ஸ்தானத்தில் இருந்துகொண்டே அழைக்கப்படுகிறவர்களின் பக்கம் அவர் நின்றார் என்பதே என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த செய்தி. ஒரு படம் முடிந்ததும் வேறொரு முதலாளியின் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டிய இத்தொழிலில், சம்பள பாக்கியைக் கேட்டவனுக்கு மறுபடி வேலை கிடைக்காது என்ற பயம் லைட்மேனுக்கும் உண்டு, உதவி இயக்குநருக்கும் உண்டு. தனியொருவன் கேட்கத் துணியாததை அனைவரும் சேர்ந்து கேட்பதன்றி அப்பயத்துக்கு வேறு மருந்தில்லை. அவ்வாறு கேட்பதற்குச் சட்டத்தின் துணையும் பின்னர் கிடைத்தது: எழுத்து மூலமான ஒப்பந்தமின்றித் திரைத்தொழிலாளரை வேலைக்கு அமர்த்தலாகாது என்று 1981-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது.

ஆயினும், சங்கம் என்ற பெயர் ஒன்றே நியாயத்துக்கு உத்தரவாதமாகிவிடாது. பம்பாய்த் திரையுலகின் ஒப்பனைக் கலைஞர் சங்கம், சிகை அலங்காரமே பெண்களுக்குரியது, முக ஒப்பனை ஆடவர்க்கே உரியது என்று வழக்கம் வகுத்து, தகுதி வாய்ந்த பெண்களுக்குப் பல்லாண்டுகள் உறுப்பினர் அட்டையை மறுத்துவந்தது. அவ்வாறு மறுக்கப்பட்ட சாரு குரானா முதலானோர் தொடுத்த வழக்கில், 2014 நவம்பர் 10-ம் தேதி, உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிற்று. முதலாளியின் அநீதியை எதிர்க்கத் தோன்றிய ஸ்தாபனமே சக தொழிலாளிக்கு அநீதி இழைத்ததை, சங்கங்களை நேசிக்கிற நான் வேதனையின்றிச் சொல்ல இயலவில்லை.

ஆகவே, வேலையை ஒப்புக்கொள்ளுமுன் ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். உங்கள் பிரிவுக்குரிய சங்கத்தில் சேருங்கள். நாளை நீங்களே அதன் நிர்வாகிகளாகும்போது, உங்களுக்குப் பின் வருகிற இளைஞரையும் பெண்களையும், உறுப்பினர் கட்டணத்தின் பேராலோ வழக்கத்தின் பேராலோ, வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.