தொகையில் முளைத்த நந்தன் பாட்டு



சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி வழியே உளுந்தூர்ப்பேட்டையைக் கடந்து சென்றால் திருநாவலூரை அடையலாம். நம்பியாரூரராம் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவவதாரம் செய்தருளிய தலம் அது. 2019ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபின், அப்பெருமான் நம் மாவட்டத்தவர் என்று உரிமை கொண்டாடுகிறோம். அவ்வுரிமையோடு, அவர் திருவாக்கில் பிறந்த ஒரு சிறு தொடர் நாட்டு மக்களின் பாட்டாக வளர்ந்த வரலாற்றை இன்று சிந்திப்போமாக.

திருவாரூரில் அடியார் திருக்கூட்டத்தைக் கண்டு சுவாமிகள் அருளிச்செய்தது திருத்தொண்டத்தொகை. பதினொரு பாடல்களில் தனியடியார் அறுபதின்மரும் தொகையடியார் ஒன்பதின்மரும் போற்றப்பெறுகின்றனர். திருநாளைப்போவாருக்கு அதில் கிடைத்த இடம் ஒரு தொடரே. அவர் ஊரையோ குலத்தையோ சுவாமிகள் அங்கே குறிக்கவில்லை. ஆதிசைவ மரபில் தோன்றி, நரசிங்கமுனையரையர் என்னும் அரசரால் வளர்க்கப்பெற்ற ஒருவர், புலைப்பாடியில் பிறந்த அடியாருக்குத் தாம் அடியவர் என்கிறார். வித்து அதுதான்.

நம்பியாண்டார்நம்பி அதனை ஒரு பாட்டாக விரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் தனிப் புராணமாக்கினார். ஆதனூரில் பிறந்த நந்தனார், பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசனைக்குக் கோரோசனையும் அளித்தார். அவர் அளித்த தோல் கோயிலுள் முழங்கியது. அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் இறைவன் நந்தியை விலகச் செய்து காட்சி தந்தருளினான். ஆயினும் தில்லைக்குச் செல்லத் தம் பிறப்பை எண்ணித் தயங்கி, ‘நாளைப் போவேன்’ என்றே நாட்களைக் கழித்தார். திருப்பெயரின் காரணம் இதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இப்புராணத்தை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாகப் பாடினார். நொண்டிச்சிந்து முதலான நாட்டு மெட்டுகளையும், வயலில் பேசும் பேச்சையும் எடுத்துக்கொண்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை, இலக்கணப் பிழைகளைக் கருதிச் சிறப்புப்பாயிரம் தர முதலில் தயங்கினார் என்றும், பாரதியார் பாடக் கேட்டு உருகிப் பின்னர்த் தந்தார் என்றும் உ.வே. சாமிநாதையரால் அறிகிறோம்.

சேக்கிழார் சொல்லாத ஒருவரைப் பாரதியார் சேர்த்தார். அவரே, நாற்பது வேலி நிலத்தைப் பயிரிட்டு முடித்தபின் தில்லைக்குப் போ என்று தடுக்கும் வேதியர். மூலத்தை மாற்றலாமா என்று கேட்பார் உண்டு. நாம் இவ்வாறு எண்ணுகிறோம்: புராணத்தில் நந்தனாரைத் தடுப்பது அவர் நெஞ்சில் நின்ற தயக்கம். அத்தயக்கத்தை அங்கே வைத்தவர் யார் என்பதைக் கீர்த்தனை வெளிப்படையாகக் காட்டிற்று. ஓரிரவில் பயிர் விளைந்ததும் அவ்வேதியரே நந்தனார் காலில் விழுகிறார். சுந்தரர் வாக்கின் பொருள் அங்கே கண்முன் நிகழ்கின்றது.

அப்பாட்டு கதாகாலட்சேப மேடையிலிருந்து தெருவுக்கு வந்தது. வ.உ. சிதம்பரம்பிள்ளையும் ஆட்சியர் விஞ்சும் உரையாடுவதாகப் பாடிய பாடல்களுக்குச் சுப்பிரமணிய பாரதியார் நந்தனார் மெட்டுகளைக் கொண்டார். 1935இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் திரைப்படத்தில் நந்தனாராக நடித்துப் பாடினர். இவ்விரண்டு படங்களுக்கும் இடையே, 1939 ஜூலை 8ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் எல்லா இந்துக்களுக்கும் கோயிற் கதவைத் திறந்தது.

அன்பர்களே! தொகையை நாம் ஓதுகிறோம்; நந்தன் பாட்டைக் கேட்டுக் கண்ணீரும் வடிக்கிறோம். கதவு திறந்தபின்னும் ஓர் ஊரில் ஓர் அடியவர் வெளியே நின்று ‘நாளை’ என்று சொல்ல நேருமாயின், அவ்வூரில் ஓதிய தொகை உதட்டளவே ஆகும். தேர் வடத்தை எல்லாக் கைகளும் கூடிப் பற்றும் ஊரில்தான் நம்பியாரூரர் வாக்கு நிறைவேறும். அத்தகைய ஊராக நம் ஊர் விளங்க அம்பலவாணன் அருள்புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.