பாட்டுக்கும் தரகனா?

(குமாரபாளையம் விசைத்தறித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் சந்தா வசூலுக்காகப் பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறைக்குப் போயிருந்தோம். தறி ஓட்டும் இளைஞர் ஒருவர் எங்களை ஓரமாக அழைத்து, செல்போனில் தம் பாட்டைப் போட்டுக் காட்டினார். ராப் பாட்டு. முன்பணக் கடனைப் பற்றி, தறிச் சத்தத்தையே தாளமாக வைத்துப் பாடியிருந்தார். அசந்து போனோம். "எத்தனை பேர் கேட்டாங்க தம்பி?" என்றோம். அவர் முகம் சுண்டிவிட்டது.

"நாலாயிரம் குடுத்தேனுங்க தோழர். பத்தாயிரம் பேர் கேக்கற லிஸ்ட்டுல போடறேன்னு ஒருத்தன் வாங்கிக்கிட்டான். எல்லாம் பொய்க் கணக்குன்னு பாட்டையே எடுத்துட்டாங்க."

நாலாயிரம் ரூபாய் எத்தனை நாள் கூலி என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா?

"ராப்பா? என்ன கூத்து அது?" என்று பெரியவர்கள் கேட்கலாம். 1973-இல் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பு மக்களின் தெருக்களில் பிறந்த பாட்டு அது. நம் ஒப்பாரிக்கும் கும்மிக்கும் அந்நியமல்ல.

அந்த லிஸ்ட் என்ன? முன்பு கலியாண வீட்டில் எந்த இசைத்தட்டு சுழல வேண்டும் என்று மைக் செட்காரர் தீர்மானித்தார். இன்று ஸ்பாட்டிஃபை போன்ற கம்பெனிகளின் பாட்டுப் பட்டியல் தீர்மானிக்கிறது. பட்டியல் போடுவோர் மூன்று வகை: கம்பெனிச் சம்பளக்காரர், கணிப்பொறி, நம்மைப் போன்ற சாதாரண ரசிகர். 2024 முதல் அந்தக் கம்பெனியில் பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குக் காலணாவும் கிடையாது. ஆகவேதான் ஏழைப் பாடகன் தரகனிடம் ஓடுகிறான். பொய்க் கணக்கு பிடிபட்டால் அடி விழுவது பாட்டின் மேல். தரகன் தப்பிவிடுகிறான்!

இது புதிய வித்தையல்ல. அமெரிக்காவில் இசைத்தட்டுக் கம்பெனிகள் வானொலி அறிவிப்பாளர்களுக்கு லஞ்சம் கொடுத்த ஊழலை 1959-60-இல் அந்நாட்டுப் பாராளுமன்றமே விசாரித்தது. ஆலன் ஃபிரீட் என்ற புகழ்பெற்ற அறிவிப்பாளர் வேலையிழந்தார்.

வழி என்ன? கம்பெனி ஆசிரியர்களுக்குப் பாட்டை அனுப்பக் கட்டணமே இல்லை. பாடகருக்கான கணக்கிலிருந்து, பாட்டு வெளிவருவதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு அனுப்ப வேண்டும். வெளிவந்த பிறகு அனுப்ப முடியாது. ரசிகர் பட்டியலென்றால், முதலில் அதை உட்கார்ந்து கேளுங்கள். தமிழ் ராப்புக்கு நடுவே ஏதேதோ நாட்டுப் பாட்டெல்லாம் கலந்து கிடந்தால், இத்தனை ஆயிரம் பேர் கேட்பது நிச்சயம் என்று எவனாவது உறுதி சொன்னால், விலகி வாருங்கள். நல்ல பட்டியலென்றால் அதை வைத்திருப்பவருக்கு ஒரே ஒரு பாட்டு, எந்த ஊர், எதைப் பற்றியது என்று இரண்டு வரி எழுதுங்கள். நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். நோட்டீஸ் மாதிரி எறிந்துவிடுவார்கள்.

பாட்டு உலகமெல்லாம் ஒலித்தால் மட்டும் போதுமா? அரக்கோணத்துத் தோழர் அறிவு, தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தம் முன்னோர் கதையிலிருந்து எழுதிப் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது; கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அதே ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லி வெளியிட்ட அட்டையில் அவர் படம் இல்லை! இயக்குநர் பா. ரஞ்சித் முதலானோர் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் ஊர் விழித்தது.

ஆகவே பட்டியலை நாமே ஏன் போடக்கூடாது? பட்டுக்கோட்டையாரின் பாட்டை 'ஜனசக்தி' அச்சிட்டபோது யாருக்குத் தரகு கொடுத்தார்? நாமக்கல் லாரிப் பட்டறை, சங்ககிரி லாரி ஸ்டாண்டு, ராசிபுரம் மரவள்ளிக் காடு, சேலத்து மில் வாசல் எங்கும் செல்போன் இருக்கிறது. கிளைக்கு ஒரு இளைஞர் பொறுப்பேற்று, நம் பகுதிப் பாடகர்களைக் கேட்டு, வாரம் ஒரு பட்டியல் போடட்டும். நன்றாக இல்லாததைத் தோழர் மகன் பாடினான் என்பதற்காகச் சேர்க்க வேண்டாம். அப்புறம் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அந்தப் பள்ளிபாளையத்துத் தம்பி இங்கேதான் வந்திருக்கிறார். பாட்டைப் புதிதாக ஏற்றியிருக்கிறார், இம்முறை தரகனில்லாமல். இப்போது இந்த மைக்கிலேயே ஒலிக்கும். கேட்டுவிட்டு, பட்டியல் போட வருகிறவர்கள் மேடைக்குப் பின்னால் பெயர் கொடுங்கள்.