கணக்கில் வராதவர்கள்

(மறுசந்திப்பு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறவியல் பற்றிப் பேச ஒரு எஞ்சினியரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கொத்தனாரிடம் ஜாதகம் பார்க்கச் சொன்ன மாதிரிதான்! என்றாலும் எனக்கு இது புத்தகத்தில் தொடங்கவில்லை.

வேலையில் சேர்ந்து இரண்டாம் வருஷம். ஒரு குடியிருப்புக் கட்டிடத்தின் தூணுக்குப் போட்ட கான்கிரீட்டின் க்யூபை 28-ம் நாள் அழுத்திப் பார்த்தோம். சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டியது, 17-லேயே நொறுங்கிவிட்டது. "மூணுதானே சாறே குறைவு! வேலையை நிறுத்தினா நாப்பது பேருக்குச் சம்பளம் கிடையாது. இருபதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார் காண்டிராக்டர்.

அவர் அறியாமலே பேசியது பயன்வாதம். எதனால் மொத்த நன்மை அதிகமோ அதுவே சரி என்று 1789-ல் ஜெரமி பெந்தாம் எழுதிய கொள்கை. இம்மானுவல் காண்ட் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். 'எல்லா எஞ்சினியரும் இப்படி எழுதினால் சர்டிபிகேட் என்பதற்கே அர்த்தம் ஏது?' என்று கேட்பார். அது கடமைவாதம். நம் வள்ளுவரோ வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்க்கும் இடம் தருகிறார். வினைத்தூய்மையில், பெற்றவள் பசித்திருந்தாலும் பழிக்கு இடமானதைச் செய்யாதே என்கிறார். இரண்டு பக்கமும் அவர்தான்!

பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்தக் கொள்கைகளை உரசிப் பார்க்கும் கல் நம் ஊரிலேயே இருக்கிறது. அருமனையும் விளவங்கோடும் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம்தானே. நாடார் பெண்கள் மேல்சீலை அணியக் கூடாது என்று 1829-ல் அரசு உத்தரவு வந்தது. வழக்கம் கெடும், அமைதி குலையும் என்பது அதிகாரத் தரப்பின் வாதம். அந்தக் கணக்கில் பிரபுக்களின் மனக்கசப்பு ஏறியது. தெருவில் நின்ற பெண்ணின் அவமானம் ஏறவே இல்லை. இதற்குப் பெந்தாமைக் குறை சொல்ல முடியாது, ஆளுக்கு ஒன்று என்று எல்லாரையும் சமமாக எண்ணச் சொன்னவர் அவர்.

பெரும் போராட்டத்துக்குப் பின் 1859 ஜூலை 26-ல் வந்த பிரகடனத்தைப் பாருங்கள். ரவிக்கை போடலாம், முரட்டுத் துணியால் மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. மானத்திலும் பாதியா? எல்லாருக்கும் பொருந்தாத விதி விதியே அல்ல என்கிற காண்ட் முன்னால் இது ஒரு நிமிஷம் நிற்காது. அதே 1859-ல் லண்டனில் ஜான் ஸ்டூவர்ட் மில் 'சுதந்திரம்' பற்றிய நூலை வெளியிட்டார். அதற்கு முந்தைய வருஷம் வரை அவர் கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீசில் உத்தியோகஸ்தர்!

க்யூப் கதைக்கு வருகிறேன். நாப்பது பேர் சம்பளத்தை எண்ணினோம். அந்த மாடியில் குடியிருக்கப் போகிறவர்களை எண்ணவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது ஆள் அரிஸ்டாட்டில். தனிச் செயலை விட, பழகிப் பழகி நாம் என்ன ஆளாக ஆகிறோம் என்று பார்க்கச் சொன்னவர். அவர் சொன்னது ஆறு மாசம் கழித்துப் புரிந்தது. அடுத்த க்யூப் 18-ல் உடைந்தபோது யாரும் கேட்கும் முன்பே நான் பேனாவைத் திறந்திருந்தேன். அன்றுதான் மூடி வைத்தேன்.

கட்டிடம் இன்றும் நிற்கிறது. மேல்மாடியில் துணி காய்கிறது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் கண் அந்தத் தூணுக்குத்தான் போகிறது.