எம்.ஆர்.ஐ. படமும் என் வகுப்பறையும்

(வட்டார வள மையத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு பேச வருபவரின் நிலைமை, ஆறாவது பாடவேளைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அதனால் நேராக ஒரு நிகழ்ச்சியில் தொடங்குகிறேன். அது நான் செய்த ஒரு தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டாம். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஓரிடத்தை வெறித்துப் பார்ப்பான். எதையோ மெல்லுவதுபோல வாய் அசையும். விரல்கள் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கும். பெயர் சொல்லி அழைத்தாலும் பதில் வராது. ஒரு நிமிடம் கழித்து, தூக்கத்திலிருந்து எழுந்தவனைப் போலக் குழப்பத்தோடு பார்ப்பான். "அசை போடுறான் டீச்சர்" என்று பின்வரிசையில் ஒருவன் சொல்ல, வகுப்பே சிரிக்கும்.

நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று முறை அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். மனப்பாடமும் அவனுக்கு வராது. தமிழாசிரியர் செய்யுளுக்காக நிற்க வைப்பார். நான் வரையறைகளுக்காக நிற்க வைப்பேன். ஆனால் இதயத்தின் படத்தை ஒருமுறை கரும்பலகையில் பார்த்தால் போதும், நான்கு அறைகளையும் இரத்தக் குழாய்களையும் அப்படியே வரைந்துவிடுவான். அந்தப் படத்துக்கு மதிப்பெண் போட்ட நான், 'இவ்வளவு நன்றாக வரைபவனுக்கு ஏன் நான்கு வரி நினைவில் நிற்கவில்லை?' என்று யோசிக்கவே இல்லை.

எங்கள் பள்ளிக்கு வந்துபோகும் சிறப்புப் பயிற்றுநர்தான் ஒருநாள் அவனைக் கவனித்துவிட்டு, "டீச்சர், இது வலிப்பா இருக்கலாம். டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலிப்பு என்றால் கீழே விழ வேண்டும், கைகால் இழுத்துக்கொள்ள வேண்டும், நுரை தள்ள வேண்டும் என்றுதான் பி.எட். படித்த நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

தாயத்தைக் கழற்றிய நாள்

அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். முதலில் எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை பார்த்த மருத்துவர், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். துணைக்கு நானும் போனேன்.

அறைக்குள் நுழையும் முன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். பையனின் அரைஞாண் கயிற்றில் ஒரு தாயத்து இருந்தது. "காத்துக் கருப்பு அண்டாம இருக்க அவங்க ஆயா கட்டினது டீச்சர். கழட்டித்தான் ஆகணுமா?" என்று அந்தத் தாய் என்னைக் கேட்டார். "ஸ்கேன் முடிஞ்சதும் கட்டிக்கலாம்மா, அதுவரைக்கும் நான் கையிலயே வச்சிருக்கேன்" என்றேன். உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம். முக்கால் மணி நேரம், உள்ளங்கையில் அந்தத் தாயத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நம் உடலில் தண்ணீர் அதிகம். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு மிகச் சிறிய காந்தம். சாதாரணமாக அவை ஆளுக்கொரு திசையில் இருக்கும். பலமான காந்தப்புலத்துக்குள் போனதும், சுழலும் பம்பரம் தலையாட்டுவதுபோல, அந்தப் புலத்தைச் சுற்றித் தலையாட்டத் தொடங்கும். கருவியின் காந்தப்புலம் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. உலோகத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்பது இப்போது புரியும்.

அந்த நிலையில் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைச் செலுத்துகிறார்கள். நாம் கேட்கும் எஃப்.எம். வானொலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட அதே குடும்பம்தான். இந்த அலை பட்டதும் பம்பரங்கள் சாய்கின்றன. அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது அவையே சிறு ரேடியோ குறிகைகளை வெளியிடுகின்றன. திரும்புவதற்கு ஆகும் நேரம், நரம்புச் செல்கள் நிறைந்த சாம்பல் நிறப் பகுதிக்கு ஒரு மாதிரி, நரம்பிழைகள் நிறைந்த வெண்ணிறப் பகுதிக்கு வேறு மாதிரி, மூளையைச் சுற்றியுள்ள திரவத்துக்கு இன்னொரு மாதிரி. இந்த வேறுபாடுதான் படமாகிறது. எக்ஸ் கதிர் இதில் இல்லை. மூளை முழுவதையும் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சிறு கனசதுரங்களாகப் பிரித்து, எந்தப் பகுதி எத்தனை கன சென்டிமீட்டர் என்று கணினியில் அளக்கலாம். கத்தி வைக்காமல், உயிரோடு இருப்பவரின் மூளையை அளக்க முடிந்தது இதனால்தான்.

இந்த முறைக்காக 2003ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் கிடைத்தது. மான்ஸ்ஃபீல்ட் 15 வயதில் பள்ளியை விட்டு அச்சக வேலைக்குப் போனவர். அறிவியல் உனக்கு ஒத்துவராது என்று பள்ளி நாளில் சொல்லப்பட்டவர். இதை நம் ஓய்வறைகளில் அவ்வப்போது நினைத்துக்கொள்வது நல்லது.

கடற்குதிரை

மருத்துவர் ஃபிலிமை விளக்கு முன் வைத்துக் காட்டினார். காதுகளுக்கு நேர் உள்ளே, மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. கடற்குதிரை வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். வலப்பக்கம் சரியாக இருந்தது. இடப்பக்கம் சுருங்கி, வெளிறித் தெரிந்தது. "சின்ன வயசுல காய்ச்சலோட வலிப்பு வந்துச்சா?" என்று கேட்டார். "ஒன்றரை வயசுல வந்துச்சுங்க, ரொம்ப நேரம் நிக்கல" என்றார் அம்மா. இப்படி நீண்ட நேரம் நீடித்த காய்ச்சல் வலிப்புக்கும் பின்னாளில் வரும் இந்தத் தழும்புக்கும் தொடர்பு இருப்பதைப் பல நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள்.

புதிய நினைவுகளைப் பதிய வைப்பதில் ஹிப்போகாம்பஸுக்குப் பெரும்பங்கு உண்டு. இதை உலகுக்குக் கற்பித்தவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். கடும் வலிப்பைக் குறைக்க 1953இல் அவருக்கு மூளையின் இரு பக்கமும் அறுவை சிகிச்சை செய்து இந்தப் பகுதியை நீக்கினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் சந்தித்த யாரையும், நடந்த எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. 8 சென்டிமீட்டர் நீளம் நீக்கியதாக அறுவை மருத்துவர் எழுதியிருந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் நீக்கப்பட்டது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் என்று தெரிந்தது. கண்ணால் பார்த்துக் கையால் செய்ததையே படம் திருத்தியது.

இடப்பக்க ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்பட்டால், பலருக்குச் சொற்களை நினைவில் வைப்பதில் சிரமம் வரும் என்று மருத்துவர் சொன்னார். எனக்கு அந்த இதயப் படம் நினைவுக்கு வந்தது. நிற்க வைக்கப்பட்ட பாடவேளைகளும் நினைவுக்கு வந்தன. அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

படம் எதைச் சொல்லாது?

இனி எல்லாப் பிள்ளைகளையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே என்று தோன்றலாம். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

வலிப்புத் தழும்பு, கட்டி, பக்கவாதம் ஆகியவற்றில் ஒரே ஒருவரின் படம் பல நேரங்களில் தெளிவான பதிலைத் தரும். அல்சைமர் மறதி நோயில் ஹிப்போகாம்பஸ் சுருங்குவது, மற்ற சோதனைகளோடு சேர்த்துப் பார்க்கும்போது உதவும். மனநோய்களில் நிலைமை வேறு.

மனச்சோர்வை எடுத்துக்கொள்வோம். பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்த எனிக்மா கூட்டமைப்பு, மனச்சோர்வு உள்ள 1,728 பேரின் படங்களையும், இல்லாத 7,199 பேரின் படங்களையும் ஒப்பிட்டு 2016இல் முடிவை வெளியிட்டது. மனச்சோர்வு உள்ளவர்களின் ஹிப்போகாம்பஸ் சராசரியாக 1.24 சதவீதம் சிறியது. நம் மொழியில் சொன்னால், 'அ' பிரிவின் சராசரி 60 மதிப்பெண், 'ஆ' பிரிவின் சராசரி 59க்குச் சற்று மேல். இப்போது 57 மதிப்பெண் உள்ள ஒரு விடைத்தாளை மட்டும் கையில் கொடுத்து, இது எந்தப் பிரிவு மாணவருடையது என்று கேட்டால் சொல்வீர்களா? முடியாது. சராசரியில் வேறுபாடு உண்மை; தனி ஆளை அதை வைத்து முத்திரை குத்த முடியாது.

மனச்சிதைவு நோயில் வேறுபாடு இதைவிடப் பெரியது. 1990இல் ஒரு ஆய்வில், ஒருவருக்கு நோய் இருந்து மற்றவருக்கு இல்லாத 15 ஜோடி ஒத்த இரட்டையர்களைப் படமெடுத்தார்கள். மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் விரிந்திருந்ததை வெறும் கண்ணால் பார்த்தே 12 ஜோடிகளில் நோயுள்ளவரை அடையாளம் காண முடிந்தது. ஆனால் அது பக்கத்தில் வைத்து ஒப்பிட உடன்பிறந்த இரட்டையர் இருந்ததால். உங்கள் தெருவில் ஒருவருக்கு மனச்சிதைவு என்று இன்றும் மருத்துவர் முடிவு செய்வது பேசிப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டுதான். ஸ்கேன் எடுப்பது பெரும்பாலும் வேறு நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள.

இவ்வளவு பெரிய காந்தத்தாலேயே சொல்ல முடியாதபோது, விரல் ரேகையைப் பார்த்துப் பிள்ளையின் மூளையைச் சொல்கிறோம் என்று நம் ஊர்களுக்கு வருபவர்களிடம் பெற்றோர் பணம் கட்டுவதை நாம்தான் தடுக்க வேண்டும்.

மூன்று ஆண்டு தாமதம்

நம் வகுப்பறைக்கு மிக அருகில் உள்ள ஒரு ஆய்வு. அமெரிக்காவில் ஃபிலிப் ஷா குழுவினர், கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள 223 பிள்ளைகளின் மூளைப் புறணியின் தடிமனை, அந்தப் பிரச்சினை இல்லாத 223 பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். வளரும் வயதில் புறணி முதலில் தடித்து, உச்சத்தைத் தொட்டு, பிறகு மெலியும். புறணியின் பாதிப் பகுதி உச்சத்தைத் தொடும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு நடுவளவாக 7.5, இவர்களுக்கு 10.5. தாமதம் அதிகம் இருந்தது திட்டமிடலுக்கும் அடக்கத்துக்கும் உரிய முன்மூளைப் பகுதிகளில். வளர்ச்சியின் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான், வேகம்தான் வேறு. 2007இல் வந்த இந்த முடிவும் சராசரிதான். ஆனாலும் ஐந்தாம் வகுப்பில் உட்கார முடியாமல் துள்ளும் ஒரு பிள்ளையைப் பார்க்கும்போது, 'அடங்காதவன்' என்ற சொல்லை நாக்கு நுனியிலேயே நிறுத்திவைக்க எனக்கு இது உதவுகிறது.

கற்பித்தலின் தடம்

படங்கள் நோயை மட்டும் காட்டுவதில்லை. லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமானால் சுமார் 25,000 தெருக்களை மனதில் பதிய வைக்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். எலினார் மக்வயர் தன் சக ஆய்வாளருடன் 79 பேரைப் பயிற்சிக்கு முன் படமெடுத்தார்; பின்னர் அவர்களில் பலரை மீண்டும் படமெடுத்தார். தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு மட்டும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. தொடக்கத்தில் தேர்ச்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வேறுபாடு இல்லை.

கொலம்பியாவில் உள்நாட்டுப் போரில் ஆயுதம் ஏந்தியிருந்தவர்கள் காட்டிலிருந்து திரும்பிவந்து, வளர்ந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றார்கள். அவர்களில் 20 பேரின் மூளையையும், அதே போன்ற பின்னணியில் இன்னும் எழுத்தறியாத 22 பேரின் மூளையையும் 2009இல் ஒப்பிட்டார்கள். எழுத்தறிந்தவர்களுக்குப் பார்வை, ஒலி, பொருள் ஆகியவற்றைக் கையாளும் பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் கூடுதலாக இருந்தது. இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் பின்பகுதியும் வலுப்பட்டிருந்தது. முதியோர் கல்வி மையத்தில் சிலேட்டோடு உட்காரும் பாட்டிகளை எனக்கு நினைவூட்டிய ஆய்வு இது.

நாம் செய்யக் கூடியவை

நாம் மருத்துவர்கள் அல்லர். நோய்ப்பெயர் சூட்டுவது நம் வேலை இல்லை. ஆனால் ஒரு பிள்ளையை ஆண்டில் இருநூறு நாள் பார்ப்பவர்கள் நாம். அடிக்கடி வெறித்துப் பார்த்தல், அழைத்தால் உணராமை, காரணமின்றி வாய் அசைதல் ஆகியவற்றைக் கண்டால், தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் பெரிய உதவி. பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். சிறப்புப் பயிற்றுநரிடமும், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டுங்கள்.

விழுந்து இழுத்துக்கொள்ளும் வலிப்பு வந்தால் இரும்புச் சாவி தேட வேண்டாம். அதனால் பயன் இல்லை. வாயில் எதையும் வைக்காதீர்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள்.

அந்த மாணவனுக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தபின் வலிப்பு வெகுவாகக் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வரையறைகளைப் படமாக வரைந்து எழுத அவனை நான் அனுமதித்தேன். பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றுவிட்டான். "அசை போடுறான்" என்ற பையன்தான் பிறகு அவனுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டுபவனாக இருந்தான்.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்தபோது, அவன் அம்மாவிடம் தாயத்தைக் கொடுத்தேன். மறுபடி கட்டிவிட்டார். நான் தடுக்கவில்லை. "மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விட்டுடாதீங்கம்மா" என்றேன். அவர் அப்படியே செய்தார்.

அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டீச்சர்" என்றான். உங்கள் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்தால், மன்னிப்புக் கேட்கும் நிலை வருவதற்கு முன்பே கவனித்துவிடுங்கள். அதற்காகத்தான் இதை உங்களிடம் சொன்னேன்.