பன்மையே வளம்



இறைவன் படைப்பில் பயனற்றதென ஒன்றுமில்லை என்பர் ஆன்றோர். அதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

பாலிக் பூலாவ் டுரியானை விரும்பாதார் பினாங்கில் அரியர். டுரியான் பூ மாலையில் மலர்ந்து அன்றிரவே உதிரத் தொடங்கிவிடும். அச்சிறு பொழுதில் மகரந்தத்தை மரம் விட்டு மரம் சேர்ப்பவை பெரும்பாலும் வௌவால்களே. பத்துமலைக் குகைகளிலும் வாழும் தேனுண்ணும் வௌவால் அவற்றுள் தலையாயது.

டுரியான் ஆண்டில் சில வாரங்களே பூக்கும். எஞ்சிய நாள்களில் அவ்வௌவாலுக்கு உணவளிப்பவை வாழைப்பூவும் கடலோரக் கண்டல் மரங்களின் பூக்களுமாம். ஆகவே, சேற்றில் நிற்கும் கண்டலை வெட்டினால் மலையில் டுரியான் காய்ப்புக் குன்றும். பூவைக் கெடுக்கிறதென்றெண்ணி வௌவாலைக் கொல்வோர் தம் விளைச்சலையே கெடுத்துக்கொள்கின்றனர்.

2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பினாங்குக் கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதன் பரப்பு 12,481 ஹெக்டேர். மலைக்காட்டுடன் கடற்பகுதியும் அதனுள் அடங்கும். மலையும் கடலும் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்கின்றன என்னும் உண்மைக்கு அது நற்சான்று.

பல மலர் கூடியே மாலை அழகு பெறுகிறது. கோயில் நந்தவனத்தைப் பேணும் அன்பர்கள் கடலோரக் கண்டலையும் பேண முன்வருவார்களாக! அதுவும் திருப்பணியே.