வண்டியா, கிலோமீட்டரா?



மும்பைத் தாராவிக்கு அருகில் உள்ள குர்லாவில்தான் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலை பத்மினி கார்களைச் செய்தது. தலைமுறைகளாகக் கறுப்பு-மஞ்சள் ‘காலி பீலி’ டாக்சியாக ஓடிய அந்த வண்டிகள் 2023 அக்டோபரில் விடைபெற்றன. சாவியைக் கொடுத்ததோடு ஆலையின் பொறுப்பு தீர்ந்தது. கிளட்ச் தேய்ந்தால் செலவு டாக்சிக்காரர் தலையில்.

ஜேஎஸ்டபிள்யூ எம்ஜி நிறுவனம் 2024 செப்டம்பரில் விண்ட்சர் மின்காரை விற்ற விதம் வேறு. பேட்டரியோடு அறிமுக விலை 13.50 லட்சம் ரூபாய். பேட்டரியை வாடகைக்கு எடுத்தவருக்கு அப்போது 9.99 லட்சம், அப்புறம் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய். வட்டியையும் நிதி நிறுவனங்களின் நிபந்தனைகளையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால்தான் வாடகை அந்த 3.51 லட்சம் வித்தியாசத்தை எட்டும். செம்பூரிலிருந்து கோட்டைப் பகுதி அலுவலகத்துக்கு ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு எட்டு வருடத்துக்கு மேல் பிடிக்கும்.

மின்கார் வாங்கத் தயங்குபவரின் பயம் பேட்டரியில் இருக்கிறது. எத்தனை வருடம் உழைக்கும்? பழைய வண்டியை யார் வாங்குவார்? அந்தப் பயத்துக்கு ஒரு விலை போட்டு, அதைச் சுமக்க ஆள் கிடைக்குமா என்று பார்த்த பிறகே எந்தக் கம்பெனியும் வண்டியை விற்காமல் சேவையாகத் தரும் வியாபாரத்தில் இறங்குகிறது. மாருதி 2020-ல் குருகிராமிலும் பெங்களூரிலும் மாதச் சந்தாவுக்குக் கார் கொடுத்தபோது, ஒரிக்ஸ் என்ற குத்தகை நிறுவனத்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டது. ஜெர்மனியின் டைம்லர் 2008-ல் ஊல்ம் நகரில் தொடங்கிய கார் பகிர்வுச் சேவையான கார்டூகோவோ, 2019-ல் பிஎம்டபிள்யூவின் சேவையோடு இணைந்தும் நிலைக்கவில்லை. 2022-ல் ஸ்டெல்லாண்டிஸ் என்ற கார் நிறுவனத்துக்குக் கைமாறியது.

வண்டியைச் சேவையாகத் தரும் இந்த முறையை மும்பைக்காரர்கள் தினமும் பேருந்திலேயே பார்க்கிறார்கள். சென்னை அசோக் லேலண்ட் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்விட்ச் செய்த மின்சார டபுள் டெக்கர்கள் 2023-ல் நகரப் பேருந்து நிறுவனமான பெஸ்ட்டின் தடங்களில் ஓடத் தொடங்கின. வண்டியும் டிரைவரும் பராமரிப்பும் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு, பெஸ்ட் தரும் கட்டணம் கிலோமீட்டர் கணக்கு. பழுதாகி டெப்போவில் நிற்கும் நாளில் வருமானம் கிடையாது என்பதால் உறுதியான வண்டி செய்ய வேண்டிய கட்டாயம் வருகிறது, வரவேற்கத்தக்க மாற்றம்.

ஆனால் கிலோமீட்டர் கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்டால் அந்தச் சுமை கடைசியில் டிரைவர் மீது இறங்கும். இந்த அரங்கிலிருந்து பட்டம் பெற்றுப் போகிறவர்களில் சிலர் நாளை அந்தக் கட்டணத்தைக் கணக்கிடும் மேஜையில் உட்காருவார்கள். 2023 ஆகஸ்டில் சம்பள உயர்வு கேட்டு பெஸ்ட்டின் ஒப்பந்த டிரைவர்கள் நாள்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நாட்களில் மும்பையின் பஸ் நிறுத்தங்களில் வரிசைகள் நகரவில்லை.